ஜோசியத்துக்கு ஆகும் செல்போன் சுகாதாரத்துக்கு ஆகாதா?

நமது நாட்டில் எந்தப் புதுச் சாதனம் வந்தாலும், அதற்கு முதலில் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பிறகு அதைக் கொண்டே பழைய குப்பைகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதென்பது நெடுநாளைய வழக்கமாய் இருந்து வருகின்றது. அச்சு யந்திரம் வந்தது. பஞ்சாங்கம் மலிவாய்க் கிடைத்தது. ரயில் வந்தது, காசிக்கும் ராமேசுவரத்துக்கும் கூட்டம் பெருகிற்று. டி.வி. வந்தது, காலை நேரத்தில் ராசிபலன் சொல்ல ஓர் ஆசாமி அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். சாதனத்தைக் கண்டுபிடித்தவன் அறிவை நம்பினான். நாமோ அவன் கண்டுபிடித்ததைக் கொண்டு அறியாமையை வளர்த்தோம்.

இப்பொழுது செல்போன் வந்திருக்கின்றது. அன்றாடக் கூலியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களிலுங்கூட இன்று ஒரு செல்போன் இருக்கின்றது. விடிந்ததும் அதில் ராசிபலன் பார்க்கப்படுகின்றது. வெளியே கிளம்பும்போது ராகுகாலம் பார்க்கப்படுகின்றது. பெண்ணுக்கும் பையனுக்கும் பத்துப் பொருத்தம் அதிலேயே பார்த்தாகி விடுகின்றது. எங்கோ நடக்கும் கும்பாபிஷேகம் அதில் நேரே தெரிகின்றது. உண்டியலில் போட வேண்டிய காசைக்கூட வீட்டிலிருந்தபடியே அதன் மூலம் அனுப்பிவிடலாம். "இந்தச் செய்தியைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் நன்மை வரும், அனுப்பாவிட்டால் கேடு வரும்" என்ற மிரட்டலும் அதிலேயே வருகின்றது. இவற்றுக்கெல்லாம் செல்போன் ஆகாது என்று எந்த வைதீகரும், எந்த ஊர்ப் பெரிய மனிதரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

ஆனால், அதே செல்போனைக் கொண்டு கிராமப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், ரத்தசோகை என்றால் என்ன, மாதவிலக்கு என்றால் என்ன, பாம்பு கடித்தால் என்ன செய்வது, நாய் கடித்தால் என்ன செய்வது என்பவற்றைப் படமாகவும் பேச்சாகவும் காட்டலாம் என்று சொன்ன மாத்திரத்தில், "ஐயோ, பிள்ளைகள் கெட்டுப் போகும்; அதிலும் பெண் பிள்ளைகள் கெட்டே போகும்" என்ற கூக்குரல் கிளம்பி விடுகின்றது. ஜோசியத்துக்கு ஆகும் ஒரு சாதனம் சுகாதாரத்துக்கு ஆகாமல் போவானேன் என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வியாகும்.

இது ஏதோ வேடிக்கைக்குக் கேட்கும் கேள்வி அல்ல. உயிர் போகின்ற விஷயம். 2018-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கஜா புயல் தஞ்சை ஜில்லாவில் புகுந்தது. புயல் வருகின்றது என்ற எச்சரிக்கை ரேடியோவிலும் டி.வி.யிலும் செல்போனிலும் முன்கூட்டியே வந்துவிட்டது. அப்படியிருந்தும், வயதுக்கு வந்த காரணத்துக்காக வீட்டைவிட்டுத் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, அக்குடிசையின் மேல் தென்னை மரம் விழுந்து மாண்டு போனாள். புயல் அடிப்பது இயற்கை. மரம் விழுவது இயற்கை. பெண்ணுக்கு வயதில் உதிரப்போக்கு உண்டாவதும் இயற்கை. ஆனால், புயல் இரவில் அவளைக் குடிசையில் கொண்டுபோய் வைத்தது எந்த இயற்கை என்று கேட்கின்றோம். மகளைப் பறிகொடுத்த பெற்றோரை நாம் குறைகூற வரவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதை அவர்கள் செய்தார்கள். வேறு விதமாய் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்தது?

பள்ளிக்கூடத்தின் யோக்கியதைதான் என்ன? 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், மாதவிலக்கான ஒரு பெண் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். அந்தக் காட்சியைச் செல்போனில் பிடித்த படம் நாடெங்கும் பரவிய பிறகுதான் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். ஆகவே, அக்கிரமத்தை வெளியில் காட்டுவதற்குச் செல்போன் பயன்பட்டது. அந்த அக்கிரமம் நடவாமலிருக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு மாத்திரம் அது பயன்படக் கூடாதா?

இரண்டு இடத்திலும் வேலை செய்தது "தீட்டு" என்ற ஒரே ஒரு சொல்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். சேரியிலிருந்து வருகின்ற மனிதனைக் கிணற்றண்டை வராதே என்று விரட்டியதும் இந்தச் சொல்தான். வீட்டிலிருக்கின்ற சொந்த மகளை அடுப்பண்டை வராதே என்று விரட்டுவதும் இந்தச் சொல்தான். முன்னதை எதிர்த்துப் பேசுகின்ற நம்மவர்களில் சிலர் வீட்டிலேயே பின்னது இன்னும் ஒரு மூலையில் பாயை விரித்துக்கொண்டு படுத்திருக்கின்றது என்பதையும் நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

நிற்க, இந்த வேலைக்குச் செல்போன் தகுதியுள்ள சாதனந்தானா என்பதைப் பார்ப்போம். "இனிவரும் உலகம்" என்ற பெயரில் 1940-களில் வெளிவந்த பேச்சில், தந்தை பெரியார் அவர்கள், கம்பியில்லாமல் பேசும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்றும், ஓரிடத்தில் இருந்துகொண்டே பல இடங்களிலுள்ள மக்களுக்குக் கல்வி கற்பிக்க முடியும் என்றும் சொன்னார். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகின்றார்கள். அவர் சொன்னதில் பாதி பலித்துவிட்டது. கல்வி என்று சொன்ன மறுபாதியை நிறைவேற்றுவதுதான் நமது பொறுப்பு.

இது வெறும் ஆசைப்பேச்சல்ல என்பதற்குப் பரீட்சை செய்து பார்த்த ருசு இருக்கின்றது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள், நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 537 பேரை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் சாப்பாடு, நடை முதலியவற்றைப் பற்றிய புத்திமதியைச் சொல்லி, அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு மாத்திரம் அதே புத்திமதியைச் செல்போன் செய்தியாகவும் அடிக்கடி அனுப்பி வந்தார்கள். 2 வருஷம் கழித்துப் பார்த்ததில், செய்தி போகாத கூட்டத்தில் நூற்றுக்கு 27 பேருக்கும், செய்தி போன கூட்டத்தில் நூற்றுக்கு 18 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்த முடிவு 2013-ல் வெளியாயிற்று. மந்திரித்த கயிற்றைக் கட்டி இப்படி ஒரு கணக்கு எடுத்துக்காட்ட யாராவது முன்வருவார்களா என்று கேட்கின்றோம்.

ஆனால், இதிலும் ஒரு சங்கதி இருக்கின்றது. அந்த 537 பேரும் ஆண்கள். ஆராய்ந்தவர்கள் வேலை பார்க்கும் ஆண்களையே எடுத்துக்கொண்டார்கள். அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால், செல்போன் யார் கையில் இருக்கின்றதோ அவருக்குத்தான் அதில் வரும் அறிவும் போய்ச்சேரும் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, தாமே உபயோகிக்கும் செல்போன் உள்ள பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர்தான். கிராமத்துப் பெண்களில் நூற்றுக்கு 47 பேர்கூட முழுதாய் இல்லை. 2023-ல் கிராமப்புறத்து 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த "அசர்" கணக்கில், ஸ்மார்ட்போனை உபயோகிக்கத் தெரிந்தவர்களுக்குள் சொந்தப் போன் வைத்திருக்கும் பையன்கள் நூற்றுக்கு 43.7, பெண்கள் 19.8. செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது உண்மையானால், பெண்ணைப்போல் இரண்டு மடங்கு பையன்கள் கெட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி எந்தப் பஞ்சாயத்தாவது கூடிப் பேசியதுண்டா? ஆகவே, பயம் செல்போனைப் பற்றியதல்ல. பெண்ணுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பயம்.

இந்தப் பயம் நமக்குப் புதிதல்ல. பெண் படித்தால் கள்ளக் கடிதம் எழுதுவாள் என்றார்கள். கர்ப்பத்தடையைப் பற்றி நமது இயக்கம் 1930 வாக்கிலேயே பகிரங்கமாய் எழுதியும் பேசியும் வந்தபோது ஆபாசம் என்றார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியபோது கேலி செய்தார்கள். இன்று பெண் பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக் கேலி செய்பவன்தான் ஊரில் கேலிக்கு ஆளாவான். நாளைக்குச் செல்போன் விஷயமும் அப்படித்தான் ஆகப் போகின்றது. அதற்குள் எத்தனை பெண்கள் குடிசையில் கிடந்து சாக வேண்டும் என்பதுதான் கேள்வி.

இனி, கிராமப் பள்ளிக்கூடத்தில் இதன் மூலம் என்னதான் சொல்லிக் கொடுப்பது என்று கேட்பவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லுவோம்.

முதலாவது பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரையிலான 20 வருஷங்களில் இந்தியாவில் பாம்பு கடித்து மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். காட்டிலும் கழனியிலும் பாடுபடுகிறவர்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய வியாதிகளில் ஒன்றாகச் சேர்த்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் மாற்று மருந்து ஒன்றே இருக்கின்றது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? மாமல்லபுரத்துப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர் தோழர்கள். நாகத்துக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகின்றவன் யாரையும் காப்பாற்றவில்லை. எந்த மக்களைத் தாழ்ந்தவர்கள் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்களோ அந்த மக்கள் தங்கள் கைத்திறத்தால் நாடு பூராவும் உயிரைக் காப்பாற்றுகின்றார்கள். கடித்த இடத்தைக் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, மந்திரக்காரனைத் தேடி ஓடாதே, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போ. இவ்வளவுதான் பாடம். 5 நிமிஷப் படத்தில் ஒரு பிள்ளைக்குப் புரியும். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தகப்பனுக்குச் சொல்லும்.

இரண்டாவது நாய்க்கடி. கடித்த உடனே சோப்புப் போட்டு, ஓடுகின்ற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சொன்ன தேதிகளில் மிச்ச ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் குறி வெளியே தெரிந்துவிட்ட பிறகு பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆதலால், மந்திரிப்பதிலும் பச்சிலை கட்டுவதிலும் போகின்ற ஒவ்வொரு நாளும் எமனுக்குக் கொடுக்கும் தவணையாகும்.

மூன்றாவது ரத்தசோகை. மேலே சொன்ன கணக்கின்படியே, இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கின்றது. இதற்காகப் பள்ளிக்கூடங்களில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க ஏற்பாடு இருக்கின்றது. பூச்சி மாத்திரையும் கொடுக்கின்றார்கள். கொடுப்பது சரி. எதற்கென்று சொல்லிக் கொடுக்கின்றார்களா? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகு போட வேண்டும், மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டியதில்லை என்ற மூன்று வார்த்தை தெரியாமல், எத்தனை பெண்கள் அதைக் கையில் வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிகின்றார்கள்! கோயிலில் கொடுக்கின்ற விபூதியை எதற்கென்று கேட்காமல் வாங்குகின்ற பழக்கத்திலேயே மாத்திரையையும் வாங்கச் சொன்னால், அதே பழக்கத்திலேயே அதை எறியவும் செய்வார்கள். காரணம் தெரிந்து விழுங்கினால்தான் அது மருந்து.

நான்காவது, மேலே சொன்ன மாதவிலக்கு. மாதம் ஒரு தரம் கருப்பையின் உட்சவ்வு கழிந்து வருவதே அது என்பதையும், அதில் அசுத்தமும் இல்லை, பாவமும் இல்லை, தோஷமும் இல்லை என்பதையும், சுத்தமான துணி அல்லது நாப்கின், தண்ணீர், கதவுள்ள கக்கூசு இவைதான் வேண்டும் என்பதையும் பெண்களுக்கு மாத்திரமல்ல, பையன்களுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். பெண்களை மட்டும் தனியறையில் கூட்டிவைத்து ரகசியமாய்ச் சொன்னால், அது ரகசியமானது, வெட்கமானது என்ற பாடமும் கூடவே போய்விடும். நாளைக்குத் தகப்பனாகவும் புருஷனாகவும் ஆகப் போகின்றவன் அந்தப் பையன்தானே?

இந்தப் பாடங்களைச் சொல்லிக் கொடுப்பதற்கு இனிமேல்தான் ஏதோ திட்டம் வகுக்க வேண்டுமென்பதும் இல்லை. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களிலேயே, செல்போனைக் காட்டினால் பாடம் படமாய் விரியக்கூடிய கட்டக்குறிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. 2023-ல் "மணற்கேணி" என்ற செயலியைத் தமிழ்நாட்டு சர்க்கார் வெளியிட்டது. 2020-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய பள்ளிச் சுகாதாரத் திட்டத்தில், பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்க வேண்டுமென்று கண்டிருக்கின்றது. ஆக, புத்தகம் இருக்கின்றது, படம் இருக்கின்றது, போன் இருக்கின்றது, மணி நேரமும் காகிதத்தில் இருக்கின்றது. இல்லாதது ஒன்றே ஒன்று: வாயைத் திறக்கின்ற துணிச்சல். இனப்பெருக்கப் பாடம் வந்தவுடன் "இதை நீங்களே வீட்டில் படித்துக் கொள்ளுங்கள்" என்று ஏட்டைத் திருப்பிவிடுகின்ற உபாத்தியாயர்கள் எத்தனை பேர் என்பது படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். செல்போனுக்கு இந்த வெட்கம் கிடையாது. நூறு தரம் போட்டாலும் அது ஒரே மாதிரி சொல்லும். ஜாதி பார்த்துக் குரலைக் குறைக்காது. அதற்காகவாவது அது கிராமப் பள்ளிக்குள் வரவேண்டும்.

இனி, எதிர்க்கட்சியார் சொல்லுவதில் நியாயமானது எது என்பதையும் மறைக்காமல் பார்ப்போம். செல்போனில் பிள்ளைகள் பொழுதைக் கெடுக்கின்றார்கள் என்பது உண்மையே. 2024-ல் கிராமத்து 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஸ்மார்ட்போனை உபயோகிக்கத் தெரிந்தவர்களிடம் விசாரித்ததில், முந்திய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதை உபயோகித்தவர்கள் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகத்துக்காக உபயோகித்தவர்கள் 76 பேர். படிப்புக்கு உதவும்போது மட்டுமே பள்ளியில் ஸ்மார்ட்போனுக்கு இடம் வேண்டுமென்று 2023-ல் யுனெஸ்கோ அறிக்கையும் சொல்லிற்று. இதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு போன் இருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான போன், பாடத்தின்போது எடுத்து, பாடம் முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டப்படும் போன் இருக்க வேண்டும் என்றே சொல்லுகின்றோம். கத்தியைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்கக் கூடாது என்பதற்காக, வைத்தியரின் கத்தியையும் பிடுங்கி எறிகின்றோமா?

செல்போனில் பொய்யும் வருகின்றதே என்பது மற்றொரு ஆட்சேபம். இது இன்னும் உண்மை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, வாட்ஸப்பில் கிளப்பிவிடப்பட்ட வதந்தியை நம்பித் தமிழ்நாட்டில் அநேக பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போடவிட மாட்டோமென்றார்கள். 2018-ல் திருப்பூரில் யூடியூப் படத்தைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் உயிரிழந்தாள். படித்தவர்கள் இருக்கின்ற டவுனில்தான் இது நடந்தது. அப்படியானால் என்ன செய்வது? போனை உடைத்துவிட்டால் பொய் செத்துவிடுமா? போன் இல்லாத காலத்தில் பேதி வந்தபோது மாரியாத்தாள் கோபம் என்று வாயாலேயே பொய் பரவவில்லையா? பொய் எந்த வழியாய் வருகின்றதோ அந்த வழியிலேயே நின்று அதைக் கேள்வி கேட்கப் பழக்குவதுதான் வழி. இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இதனால் யாருக்கு லாபம்? இந்த மூன்று கேள்வியைப் பிள்ளைகள் ஒவ்வொரு செய்திக்கும் கேட்கப் பழகினால், அதுவே சுகாதாரக் கல்வியில் பாதி. நாம் சொல்லுகின்ற செய்தியையும் சர்க்கார் சொல்லுகின்ற செய்தியையும் அவர்கள் அப்படியே கேட்கட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை.

இதற்கு நேர்மாறாய், செல்போனைக் கொடுத்துவிட்டால் போதும், எல்லாம் தானே நடந்துவிடும் என்று எண்ணுகின்ற உற்சாகிகளும் இருக்கின்றார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பேதியினால் சாகிறவர்களைக் காப்பாற்றலாம் என்பதை 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் செய்து காட்டினார். இதைவிட எளிய மருந்து உலகில் இல்லை. ஆயினும் அது தானாகப் பரவவில்லை. பங்களாதேசத்தில் "பிராக்" என்ற ஸ்தாபனத்தார் 1980 முதல் 1990 வரை 10 வருஷம் வீடு வீடாய்ப் போய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளவான நீர் என்று சுமார் 1 கோடியே 20 லட்சம் குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தொடக்கத்தில், கேட்டுக்கொண்ட தாய்மார்களில் அதை உபயோகித்தவர்கள் சொற்பமாகவே இருந்தார்கள். ஏனென்று ஆராய்ந்ததில், சொல்லிக் கொடுக்கப் போனவர்களே தங்களுக்குப் பேதியானால் அதைக் குடிக்காமல் மாத்திரை தேடிப் போனார்கள் என்பது வெளியாயிற்று. அதன் பிறகு அவர்களுக்கு அது எப்படி வேலை செய்கின்றதென்று காரணத்தோடு விளக்கினார்கள். தாய் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கின்றாள் என்று பின்னால் போய்ப் பரீட்சித்து, அதற்குத் தகுந்தபடி சம்பளம் கொடுத்தார்கள். ஆண்களை விட்டுவிட்டுச் சொல்லியது தவறு என்று கண்டு, சந்தைக்கும் மசூதிக்கும் போய் ஆண்களுக்கும் சொன்னார்கள். பிறகுதான் அது பலித்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவெனில், சாதனம் பேசும். ஆனால் நம்பிக்கையை உண்டாக்குபவன் மனிதன். வகுப்பில் செல்போனைக் கொண்டு "மாதவிலக்கு தீட்டல்ல" என்று படம் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் மனைவியைத் திண்ணையில் உட்கார வைக்கின்ற உபாத்தியாயரால் ஒரு காரியமும் ஆகாது. பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதைவிட உபாத்தியாயரின் முகத்தைத்தான் அதிகம் பார்க்கின்றன.

ஆகவே, நமது கோரிக்கை இதுதான். ஒவ்வொரு கிராமப் பள்ளிக்கும் அதற்குச் சொந்தமான செல்போன் ஒன்றிரண்டு சர்க்கார் செலவில் கொடுக்கப்பட வேண்டும். காகிதத்திலிருக்கின்ற அந்த வாரம் ஒரு மணி நேரம் நிஜமாய் நடக்க வேண்டும். அந்த மணியில் பெண்ணும் பையனும், ஊரும் சேரியும் ஒன்றாய் உட்கார வேண்டும். போனைத் தொட்டு இயக்குவதில் பெண்ணுக்குப் பாதிப் பங்கு கண்டிப்பாய் இருக்க வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரோ நர்ஸோ மாதம் ஒருமுறையாவது அந்தப் போனில் நேராய்த் தோன்றி, பிள்ளைகள் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு 108, வைத்திய விஷயம் கேட்க 104, பிள்ளைகளுக்குக் கொடுமை நேர்ந்தால் 1098, மனம் நொந்தால் 14416 என்ற எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாய்ச் சொல்ல வேண்டும். நமது பிள்ளைகளில் தன் நட்சத்திரம் தெரியாத பிள்ளை அபூர்வம். தன் ரத்தவகை தெரிந்த பிள்ளை அதைவிட அபூர்வம் என்ற இந்த அவமானம் ஒழிய வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நமது தோழர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். அந்த ஒரு மணி நேரம் என்னவாயிற்று என்று கேளுங்கள். அதற்கு முன்னால், இன்று இரவே உங்கள் வீட்டிலிருக்கின்ற செல்போனை உங்கள் மகள் கையில் கொடுத்து, பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதில் தேடிப் பார்த்து, அதைச் சொன்னவர் யார் என்பதையும் விசாரித்து, வீட்டாருக்கெல்லாம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் மாதவிலக்காய் இருக்கும் நாளாயிருந்தால் வீட்டு நடுவில் உட்கார்ந்து படிக்கட்டும். ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்த போன் அன்றைக்கு முதல்முதலாக ஒரு பிரயோஜனமான காரியத்தைச் செய்ததாகும்.